முதல் ஹைபிரிட் கார்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

கார் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஆளுக்கொரு கட்சி. ஒருவர் அக்குவாவை விட்டால் வேறு காரே இல்லை என்பார். இன்னொருவர் பிட்டில் ஒரு தரம் ஏறினால் இறங்க மனம் வராது என்பார். வேகன் ஆர் வைத்திருப்பவர், "விக்கிற நேரம் பாருங்களேன்" என்று சிரிப்பார். அவரவர் காரைப் பற்றி அவரவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் உங்கள் ஓட்டம் எப்படி, உங்கள் வாசலுக்கு வரும் ரோட் எப்படி என்பது அவர்களுக்குத் தெரியாது. காரைத் தெரிவு செய்வதில் முக்கால்வாசி அந்த இரண்டையும் வைத்துத்தான். மீதிக் கால்வாசி, நீங்கள் பார்க்கப் போகும் அந்த ஒரு கார் எந்த நிலையில் இருக்கிறது என்பது. கம்பனிப் பெயர் அதற்கும் பிறகு.

விலை இதில் எழுதவில்லை. எழுதினால் அடுத்த மாதமே பிழையாகிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருட வறட்சியில் பத்து வருடப் பழைய கார்களும் தங்க விலைக்குப் போயின. இப்போது சந்தையில் நிற்பவற்றில் பல 2012க்கும் 2018க்கும் இடையில் செய்யப்பட்டவை. முதல் கார் வாங்கும் ஒருவர் பார்க்கப் போவதும் அவற்றைத்தான். அதனால் பேச்சு பழைய கார்களைச் சுற்றியே இருக்கும்.

முதலில் காகிதமும் பேனையும்

கார் பார்க்கப் போக முன்னர் ஒரு மாதத்தில் எங்கெங்கே எவ்வளவு ஓடுவீர்கள் என்று எழுதுங்கள். வேலைக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு, கொழும்புக்கு, படுவான்கரை வயலுக்கு என்று தனித்தனியாக.

ஹைபிரிட் என்றால் பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டரும் அதற்கொரு பற்றரியும் உள்ள கார். அது பெற்றோலை மிச்சம் பிடிக்கும் இடம் நின்று நின்று போகும் ஓட்டம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பற்றரியில் சேர்த்து, திரும்பக் கிளம்பும்போது மோட்டருக்குக் கொடுக்கிறது. கொழும்புக் காலி வீதி நெரிசலில் இதற்கு நல்ல வேலை. நம் பக்கம் கதை கொஞ்சம் வேறு. காத்தான்குடிப் பிரதான வீதியிலும் கல்முனை நகரத்திலும் நின்று நின்று போகலாம், அங்கே ஹைபிரிட் காசை மீட்டுத் தரும். ஓட்டமாவடி தாண்டிப் பொலன்னறுவைப் பக்கம் நேராக ஒரே வேகத்தில் போகும்போது எஞ்சின்தான் கூடுதலாக இழுக்கிறது. நல்ல சாதாரணக் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே குறைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 1000 கி.மீ. ஓட்டம். சாதாரணக் கார் லீற்றருக்கு 13 கி.மீ. என்றால் 77 லீற்றர் வேண்டும். ஹைபிரிட் 20 கி.மீ. என்றால் 50 லீற்றர். மிச்சம் 27 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 8,100 ரூபா, வருடத்துக்கு 97,200. பெரிய காசுதான். ஆனால் மாதம் 300 கி.மீ. மட்டும் ஓடுபவருக்கு அது வருடத்துக்கு முப்பதாயிரத்துக்குள் நின்றுவிடும். ஹைபிரிட் பற்றரி ஒருநாள் கைவிட்டால் அதற்குக் கொடுக்கும் காசை ஈடுகட்டப் பல வருடம் பிடிக்கும். வீட்டிலிருந்து கச்சேரிக்கும் கோயிலுக்கும் மட்டும் கார் தேவைப்படும் ஓய்வூதியக்காரர் சின்ன பெற்றோல் கார் ஒன்றை எடுத்தால் நிம்மதி. இதைச் சொன்னால் புறோக்கர்மாருக்குக் கோபம் வரும்.

விளம்பர எண்களை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஜப்பானின் ஜேசி08 என்ற எரிபொருள் சோதனையில் அக்குவாவுக்கு லீற்றருக்கு 35.4 கி.மீ., ஜிபி5 என்ற 2013 மாடல் பிட்டுக்கு 36.4, அக்சியோ ஹைபிரிட்டுக்கு 33.0, 2017 வேகன் ஆருக்கு 33.4 என்று போட்டிருந்தார்கள். எல்லாம் ஆய்வுகூடத்தில் எடுத்த உச்ச எண்கள். ஏசி போடாமல் இருக்க முடியாத நம் வெயிலில் இருபதுக்கு மேல் பிடித்தால் சந்தோஷப்படலாம். 35.4க்கும் 36.4க்கும் நடுவில் உள்ள ஒன்றை வைத்துக் கார் தெரிவு செய்வது வீண் வேலை.

எந்தக் காரில் என்ன இருக்கிறது

எல்லாவற்றின் பின்பக்கத்திலும் ஹைபிரிட் என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று விதம்.

ரொயோட்டாவின் முறை அக்குவா, அக்சியோ, பிரியஸ் மூன்றிலும் ஒன்றுதான். எஞ்சினையும் இரண்டு மின்மோட்டர்களையும் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. இதில் கிளச்சும் இல்லை, தேய்ந்து அறுந்துபோகப் பெல்ற்றும் இல்லை. அதனால்தான் இந்தக் கியர்பெட்டி பற்றிய முறைப்பாடு கராஜ்களில் அரிதாகக் கேட்கிறது. அக்குவாவும் அக்சியோவும் ஒரே 1.5 லீற்றர் எஞ்சின், ஒரே 144 வோல்ற் நிக்கல் பற்றரி. அக்குவாவைத் திருத்திப் பழகிய மெக்கானிக்குக்கு அக்சியோ புதிதல்ல. உதிரிப்பாகம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தாராளம், காலையில் சொன்னால் இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். குறையென்றால் அக்குவாவின் பின் இருக்கையில் உயரமானவர் மூன்று பேர் இருக்க முடியாது, கார் நிலத்தோடு நிலமாக நிற்கும். அம்மா அப்பாவைப் பின்னால் வைத்துக் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போகிறவர் அக்சியோவைப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் பெரியது, சொகுசானது, அளவுக்கு விலையும் மலிவாகத் தெரியும். ஆனால் அதன் 1.8 லீற்றர் எஞ்சினில் புகையைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர் குழாய் கரியால் அடைத்து, கடைசியில் எஞ்சினின் மேல்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் காஸ்கற் போவது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டரில் வந்த கோளாறுக்காக 2014 பெப்ரவரியில் ரொயோட்டா உலகெங்கும் 19 இலட்சம் பிரியஸ் கார்களைத் திருப்பி அழைத்தது. திருத்திய காரா, திருத்தாத காரா என்று பார்த்து வாங்கத் தெரிந்தவர் கூட இருந்தால் மட்டும் பிரியஸ் பக்கம் போங்கள்.

ஹொண்டா பிட்டில் இரண்டு ஆட்கள். 2010இல் வந்த ஜிபி1 எளிய அமைப்பு. சின்ன மோட்டர் ஒன்று எஞ்சினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். பற்றரிக்கு வயது போய்விட்டதால் விலை இறங்கி நிற்கும். 2013இல் வந்த ஜிபி5 முற்றிலும் வேறு வண்டி. ஏழு கியர், இரட்டைக் கிளச், லித்தியம் பற்றரி. ஓட்டினால் உயிர்ப்பாக இருக்கும், உள்ளே இடமும் அக்குவாவைவிடத் தாராளம். சிக்கல் அந்தக் கிளச்சில். வெளிவந்து ஒரு வருடத்துக்குள், 2014 ஒக்டோபருக்குள், ஜப்பானில் ஐந்து தடவை திருப்பி அழைக்கப்பட்ட கார் இது. கிளச் எண்ணெயில் மிதக்காத உலர் வகை. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனாலும், மேட்டில் பிரேக் பிடிக்காமல் அக்சிலறேற்றரிலேயே நிறுத்தி வைத்தாலும் சூடேறும். அதே அமைப்புத்தான் ஹொண்டாவின் மற்றக் கார்களான கிறேஸிலும் முதல் வெசலிலும். நம் ஊர் தட்டை நிலம், கல்லடிப் பாலம்தான் எங்கள் மலை. இங்கேயே ஓடினால் ஜிபி5 பெரிதாகத் தொல்லை தராமல் போகலாம். வருடத்தில் பல தடவை மகியங்கனை பதினெட்டு வளைவில் ஏறிக் கண்டிக்கும், பிபிலை வழியாகப் பதுளைக்கும் போகிறவர் இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

வேகன் ஆர் அரை ஹைபிரிட் என்றே சொல்லலாம். ஆல்டனேற்றரையே மோட்டராக்கி எஞ்சினுக்கு லேசாக ஒரு தள்ளுத் தள்ளும். 660 சீசீ எஞ்சின் என்பதால் வரி குறைந்து நாடு முழுக்கப் பரவியது. பற்றரி சின்னது, போனாலும் அக்குவா அளவுக்குக் கையைக் கடிக்காது. உயரமான கதவு, சேலை கட்டிய பெரியவர்கள் ஏறி இறங்க இதைவிட நல்ல கார் இல்லை. மட்டக்களப்பு நகரத்துக்குள் ஆசிரியர்மார் பலரும் இதைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஐந்து பேரும் சாமானும் ஏற்றிக் கொழும்புக்கு 300 கி.மீ.க்கு மேல் ஓடினால்தான் அதன் மூச்சு வாங்குவது தெரியும்.

கையில் காசு கூட இருந்து, இறக்குமதி திறந்த பிறகு வந்தவற்றைப் பார்க்கிறீர்கள் என்றால் ஹொண்டாவின் பழைய கிளச் கதையை மறந்துவிடலாம். 2020க்குப் பிறகு வந்த பிட், 2021க்குப் பிறகு வந்த வெசல் இரண்டிலும் அது இல்லை. அவற்றில் பெரும்பாலான ஓட்டத்துக்கு மோட்டர்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

காரைப் பார்க்கும் நாள்

காலையிலேயே போங்கள். போக முன்னர் விற்பவரிடம், "அண்ணன், நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாம வையுங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கத்தான் ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த எஞ்சின் எழும்பும்போது ஒரு நொடி கடகடவென்று உதறினால், அதுவும் பிரியஸ் என்றால், ஹெட் காஸ்கற் பக்கம் கண்ணை வையுங்கள்.

அடுத்தது பின் இருக்கை. அக்குவா, அக்சியோ இரண்டிலும் ஹைபிரிட் பற்றரி பின் இருக்கைக்கு அடியில். அதற்குக் குளிர்காற்று காருக்கு உள்ளேயிருந்துதான் போகிறது. இருக்கையோரம் கதவுப் பக்கமாகக் கம்பித் தட்டுப் போட்ட சின்ன வாய் ஒன்று இருக்கும். போனில் லைற்றைப் போட்டு உள்ளே பாருங்கள். ஊர்க் கார் ஒன்றில் அதைக் கழற்றினால் என்ன வரும் தெரியுமா? வயல் வெட்டுக் காலத்து வைக்கோல் தூசு, கடற்கரை மணல், பிள்ளை தின்ற பிஸ்கற் துகள், தலைமயிர், எல்லாம் சேர்ந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளி. விசிறியின் இதழ்களில் அது ஒட்டிப் பிடித்தால் காற்று பாதியாகிவிடும், பற்றரி வேகும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரில் இது நடந்தால் கேட்கவே வேண்டாம். இந்தத் தட்டு சுத்தமாக இருக்கும் காரை யாரோ கவனித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு இது மீற்றர் எண்ணைவிடப் பெரிய சாட்சி.

பிறகு ஸ்கேனர், காரின் கணினியில் பதிந்திருக்கும் கோளாறுக் குறியீடுகளை வாசிக்கும் கருவி. கராஜ்காரரின் பெரிய கருவி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சின்ன ஓபிடி கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனில் டாக்டர் பிரியஸ் என்ற செயலியை வைத்தும் ரொயோட்டாப் பற்றரியைப் பார்க்கலாம். பற்றரி பல தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். காரை ஓட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எல்லாத் தொகுதியின் வோல்ற்றும் ஏறக்குறைய ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து விழுந்தால் அதன் காலம் முடிகிறது. பி0ஏ80 என்ற குறியீடு வந்தால் பற்றரியை மாற்று என்று காரே சொல்கிறது.

குறியீடு எதுவும் இல்லை என்றதும் நிம்மதியடைய வேண்டாம். குறியீடுகளை அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்பதையும் ஸ்கேனர் காட்டும். அது 12 கி.மீ. என்று நின்றால் நேற்று மாலைதான் யாரோ அழித்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

"பற்றரி போன மாசம்தான் செய்தது தம்பி" என்று சொன்னால், என்ன செய்தது என்று துருவ வேண்டும். முழுப் பற்றரியையும் புதிதாகப் போட்டதா, கெட்ட செல் இரண்டை மட்டும் மாற்றியதா? பழைய செல்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு மாற்றினால் அடுத்த கிழவன் சில மாதத்தில் படுத்துவிடுவான். பற்றுச்சீட்டும் உத்தரவாதக் கடிதமும் இல்லாத பற்றரியைப் பழையது என்றே கணக்கில் எடுங்கள். கல்லடி, பாசிக்குடா, அறுகம்பை என்று கடலை ஒட்டி நின்ற கார் என்றால் செல்களை இணைக்கும் செப்புத் தகடுகளையும் திறந்து பார்க்கச் சொல்லலாம். உப்புக்காற்றில் அவை பச்சை பூத்துக் கிடக்கும். தகட்டைச் சுத்தம் செய்தாலே சரியாகும் கோளாறுகள் உண்டு. ஆனால் செம்மஞ்சள் நிற வயரை நீங்களோ தெருவோர மெக்கானிக்கோ தொடக் கூடாது. அதில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

இதற்கு நேர் எதிரான பயம் ஒன்றும் இருக்கிறது. ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்குக்குக் கார் வரவில்லை, டாஷ்போர்டில் விளக்கெல்லாம் மின்னுகிறது என்றதும் ஹைபிரிட் பற்றரி போய்விட்டது என்று வீடே கலங்கும். பல தடவை போனது சாதாரண 12 வோல்ற் பற்றரிதான். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு மெக்கானிக் பாஸ் சொல்வது போல, "பெரிசு இல்ல மனே, சின்னப் பற்றரிதான்." விற்பவர் இதே கோளாறைக் காரணம் காட்டி விலையைக் குறைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

பிரேக்கைக் காதால் சோதிக்க வேண்டும். சாரதிக் கதவைத் திறந்ததும் ரொயோட்டா ஹைபிரிட்டில் ஒரு ரீங்காரம் கேட்கும், அது வழமை. காரை ரெடியில் வைத்து, பிரேக்கில் கால் வைக்காமல் சும்மா இருங்கள். ஒன்றும் செய்யாமலே அந்தச் சத்தம் சில நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் பிரேக் அழுத்தம் எங்கோ கசிகிறது. திருத்த ஆகும் செலவு பயமுறுத்தும். ஜிபி5 என்றால் ஏசியைப் போட்டுச் சந்தை நெரிசலில் ஊர விடுங்கள். முதலாம் இரண்டாம் கியரில் உதறல், பின்பக்கமாக மேடேறும்போது நடுக்கம், இரண்டில் எது இருந்தாலும் கிளச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் இந்த இரு மாவட்டமும் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. மாரியில் கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்குவது வருடாந்த நிகழ்ச்சி. பற்றரி இருக்கைக்கு அடியில் இருப்பதால் காருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் தேவையில்லை, தரைவிரிப்பு நனைந்து நின்றாலே ஆபத்து. வேகன் ஆரிலும் லித்தியம் பற்றரி முன் இருக்கைக்கு அடியில். அதனால் சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக்கோடு அங்கே ஒளிந்திருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி மணந்து பாருங்கள். இருக்கையைப் பூட்டியிருக்கும் போல்ற்றுகளில் துரு ஏறியிருந்தால் அந்தக் கார் குளித்திருக்கிறது. எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

காகிதங்கள்

ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். 4, 4.5 என்று தரம் போட்டிருக்கும், ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. தாளை அச்சடிப்பது பெரிய வித்தையல்ல என்பதால் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து இணையத்தில் சிறு கட்டணத்துக்குச் சரிபார்ப்பது நல்லது. ஏலத்தன்று இருந்த மீற்றர் எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடுங்கள். ஏலத்தில் 80,000 ஓடிய கார் இன்று 65,000 காட்டினால் அதன் வயது குறைந்திருக்கிறது என்று விற்பவர் சத்தியம் செய்யக்கூடும்.

பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா, சேசிஸ், எஞ்சின் இலக்கங்கள் காரில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெயர் மாற்றாமல் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறும் கார்கள் இங்கே நிறைய. மூன்று கை மாறிய பிறகு முதல் சொந்தக்காரரைத் தேடி அலைய வேண்டிவரும். விலை எவ்வளவு இறங்கினாலும் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாத காருக்கு முழுக்காசைக் கொடுக்காதீர்கள்.

வாங்கிய கையோடு

முதல் வாரத்தில் அந்தப் பற்றரி விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்விக்கலாம், செலவு கொஞ்சம்தான். எஞ்சின் ஒயிலுக்கு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலைப் போடச் சொல்லுங்கள். தடித்த ஒயில் ஊற்றினால் பெற்றோல் மிச்சத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். கியர் ஒயிலும் அந்தந்தக் கம்பனி சொன்னது மட்டும்தான், ரொயோட்டாவுக்கு ஊற்றுவதை ஹொண்டாவுக்கு ஊற்றக் கூடாது.

ஏசி வேலைக்குக் கொடுக்கும்போது கூடுதல் கவனம். ரொயோட்டா ஹைபிரிட்டின் ஏசி கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்கு என்டி-11 என்ற தனி ஒயில் உண்டு. சாதாரணக் காருக்குப் போடும் ஒயிலைக் கலந்தால் மின்காப்புக் கெட்டு, கொம்பிரசரோடு சேர்த்துக் காரையும் நிறுத்திவிடும். காஸ் அடிக்க முன்னர், "நானா, இதுக்கு எந்த ஒயில் போடுவீங்க?" என்று கேளுங்கள். "எல்லாத்துக்கும் ஒண்டுதான் தம்பி" என்று பதில் வந்தால் காரை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.